காந்திமதிக்குக் கொடுத்த பென் டிரைவ்

செருப்பை உள்ளேயே விடுங்கள் சிஸ்டர், வெளியே விட்டால் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும். உட்காருங்கள். காந்திமதிக்கு மாத்திரை கொடுத்தேன், தூங்குகிறாள். தானாக விழித்தால்தான் நல்லது. எழுப்பிவிட்டால் அன்றைக்கு ஒரு வாய் கஞ்சி இறங்காது. முன்னால் வந்துகொண்டிருந்த சிஸ்டருக்கு இதெல்லாம் தெரியும். நீங்கள் புதிது. பியூலா டாக்டர் போனில் சொன்னார், புது சிஸ்டர் வருவார்கள், முதுகையும் இடுப்பையும் நன்றாகக் காட்டுங்கள் என்று. காட்டுகிறேன். விழிக்கட்டும்.

அதுவரை அந்த லேப்டாப்பைக் கொடுங்கள். நீங்கள் திறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் நோயாளியின் பெயரை எழுதுவதற்குள் நோயாளி எழுந்து நடந்துவிடுவார். மெஷினில் கோளாறு இல்லை. உள்ளே ஏற்றியிருக்கும் சிஸ்டம் கனம், அவ்வளவுதான். பென் டிரைவ் வைத்திருக்கிறீர்களா? கொடுங்கள். லினக்ஸ் என்று கனமில்லாத சிஸ்டம் ஒன்று இருக்கிறது, ஏற்றித் தருகிறேன். இதைச் செருகிவிட்டு மெஷினைப் போட்டால் இதிலிருந்தே எழுந்து வரும். உள்ளே இருக்கிற ஹார்ட் டிஸ்க்கைத் தொடவே தொடாது. பிடிக்கவில்லையா, உருவிவிடலாம். நீங்கள் வந்துபோன தடமே இருக்காது.

இதில் ஏதாவது வைத்திருக்கிறீர்களா? நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். ஏற்றினால் இருப்பதெல்லாம் போய்விடும். கேட்காமல் நான் யாருக்கும் செய்ததில்லை. பாட்டு மட்டுமா? சரி.

காசெல்லாம் வேண்டாம் சிஸ்டர். இன்சூரன்ஸ் ஆபீசில் இருந்தபோதே இதை ஒரு தொண்டாக எடுத்துக்கொண்டவன் நான். பாளையங்கோட்டையில் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், லினக்ஸ் ஆவுடையப்பன் வீடு எது என்று. கட்டற்ற மென்பொருள் என்று சொன்னால் என்ன கட்டு, யார் கட்டியது என்று கேட்டவர்களுக்கெல்லாம் உட்காரவைத்து விளக்கியிருக்கிறேன். உன் மெஷின் உன் பேச்சைத்தான் கேட்க வேண்டும், உனக்குத் தெரியாமல் உள்ளே ஒன்றும் நடக்கக் கூடாது. இதுதான் விஷயம். எத்தனை கல்லூரி, எத்தனை பிள்ளைகள்! ஒரே கேள்வியைப் பத்துப் பேர் கேட்பார்கள். பத்துப் பேருக்கும் முதல் தடவை சொல்வது மாதிரியே சொல்வேன். கோபமே வராது எனக்கு. காந்திமதிகூடச் சொல்வாள், "உங்களுக்கு இம்புட்டுப் பொறுமை இருக்குன்னு கோவில்பட்டிப் பிள்ளைகள் சொல்லித்தான் எனக்குத் தெரியுது" என்று. அவளுக்குப் பேச்சு அப்படி. இடக்காகத்தான் வரும். வந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு ஒன்றும் செய்யாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். அவளுக்கும் ஒன்று ஏற்றிக் கொடுத்தேன். அதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

என் அம்மா நாலு வருஷம் படுக்கையில் கிடந்தாள். இதோ, உள்ளே இவள் தூங்குகிற அறைதான். நான் ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை லினக்ஸ் முகாம். காந்திமதிதான் பார்த்துக்கொண்டாள். குறை சொல்லக் கூடாது, நன்றாகப் பார்த்தாள். அம்மா சும்மா கிடக்கிற ஆள் இல்லை. "ஏட்டி, கொல்லுதியே, கொல்லுதியே" என்று தெருவுக்கே கேட்கக் கத்துவாள். இவள், "ஆமா அத்தை, இன்னும் கொஞ்சம்தான், கொன்னு முடிச்சிருதேன்" என்று சொல்லிக்கொண்டே புரட்டுவாள். அம்மா சிரித்துவிடுவாள். கடைசி வருஷம் நினைவு இல்லை, கத்தலும் இல்லை. அப்போதும் இவள் ஏதோ பேசிக்கொண்டுதான் புரட்டினாள்.

அம்மா போவதற்குக் கொஞ்சம் முன்னால் பியூலா டாக்டர் வந்து பார்த்தார். அம்மாவைப் புரட்டச் சொல்லி, முதுகைப் பார்த்து, இடுப்பைப் பார்த்து, குதிங்காலைப் பார்த்து, நிமிர்ந்து இவளைப் பார்த்தார். "ஒரு புண்ணுகூட இல்லையேம்மா. நாலு வருஷமா? நர்ஸ் வச்சிருக்கீங்களா?" என்றார். இவள், "நர்ஸுக்கு எங்க போக? நான்தான் நர்ஸு, நான்தான் ஆயா, நான்தான் வண்ணாத்தி" என்றாள். காரியமெல்லாம் முடிந்த பிறகு டாக்டர் திரும்ப வந்தார். வீட்டில் படுக்கையாகக் கிடக்கிறவர்களைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று நீங்கள் ஒரு சின்ன புத்தகம் எழுதுங்கள், அச்சடித்து நாங்கள் போகிற வீட்டுக்கெல்லாம் கொடுக்கிறோம் என்றார். இவள் சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை.

டாக்டர் போன பிறகு நான்கூட வேடிக்கையாகக் கேட்டேன், "பீ மூத்திரம் அள்ளுறதுக்குப் புஸ்தகமா?" என்று. "அள்ளுனவளுக்குத்தான் அது புஸ்தகம்னு தெரியும்" என்றாள். சொன்னேனே, இடக்கு.

கையால் எழுதினால் டாக்டருக்குப் புரியாது, டைப் அடிக்கிறேன் என்றாள். கல்யாணத்துக்கு முன்னால் தட்டச்சு லோயர் பரீட்சை முடித்தவள், விரல் பழக்கம் இருந்தது. நான் என்ன செய்தேன்? பரணில் என் பழைய லேப்டாப் ஒன்று கிடந்தது. ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது, பேட்டரியும் போனது, ஆனால் மற்றதெல்லாம் உயிரோடு இருந்தது. பென் டிரைவில் லினக்ஸ் ஏற்றி, செருகி, போட்டுக் கொடுத்தேன். ஜம்மென்று வந்தது. செத்த மெஷினை எழுப்பிக் கொடுத்தேன் சிஸ்டர். தமிழ்த் தட்டச்சும் வைத்துக் கொடுத்தேன். எந்தப் புருஷன் செய்வான்?

நீங்கள் கேட்கும் முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். பென் டிரைவில் ஏற்றுவதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, சும்மா போட்டுப் பார்ப்பதற்கு. அணைத்தால் எல்லாம் மறந்துவிடும், அடுத்த தடவை பிறந்த குழந்தை மாதிரி எழுந்து வரும். இன்னொன்று, சேமிப்பதற்கென்று பென் டிரைவிலேயே ஒரு பகுதி ஒதுக்கிக் கொடுப்பது. அதில் எழுதினால் தங்கும். அவளுக்குக் கொடுத்தது முதல் விதம். முகாமுக்கு ஏற்றி வைத்திருந்ததில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். நாலு நாள் தட்டிப் பார்ப்பாள், விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

முதல் நாள் அரைப் பக்கம் அடித்தாள். அணைத்தாள். மறுநாள் போட்டால் இல்லை. நான் அன்றைக்கு ஒரு பையனோடு போனில் இருந்தேன், அவன் மெஷினில் சத்தம் வரவில்லை, மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்து நின்றாள்.

"ஏங்க, நேத்து அடிச்சது இல்ல."

"அணைச்சியா?"

"அணைச்சேன்."

"அணைச்சாப் போயிரும் அது."

"அப்ப என்ன செய்ய?"

"அணைக்காத."

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். போனில் இருந்த பையனும் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. புரியவில்லை என்றால் திரும்பக் கேட்க வேண்டாமா? முகாமில் பிள்ளைகள் கேட்பார்கள். கேட்டால்தானே சொல்ல முடியும்?

அன்றிலிருந்து அவள் அந்த மெஷினை அணைக்கவே இல்லை. முடித்ததும் மூடியை மட்டும் மூடுவாள். மூடினால் மெஷின் தூங்கும், சாகாது. திறந்தால் விட்ட இடத்தில் நிற்கும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ஒரு பிளக்கை மட்டும் இன்வெர்ட்டரில் சேர்த்தாள், கரண்ட் போனாலும் போகாமல் இருக்க. மேலே ஒரு துண்டைப் போட்டு வைத்திருந்தாள். வேலைக்கு வருகிற செண்பகத்திடம், "ஏட்டி, அந்த சுவிட்ச் பக்கம் வெளக்குமாறுகூடப் போகக் கூடாது" என்று சொல்லியிருந்தாள். எனக்கு எரிச்சல்தான். ராப்பகலாக ஒரு சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டே கிடக்கும். "இது என்ன அணையா விளக்கா?" என்று கேட்டால், "நீங்க சொன்னதுதான்" என்பாள். நான் எதைச் சொன்னேன் என்று அப்போது எனக்கே நினைவில்லை.

கோடை முழுக்க எழுதினாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, அதே அறையில், அம்மாவின் கட்டில் கிடந்த இடத்தில் மேஜையைப் போட்டுக்கொண்டு. சில நாள் அடித்துக்கொண்டே அழுவாள். அம்மாவும் இவளும் அப்படி ஒன்றும் ஒட்டிக்கொண்டவர்கள் இல்லை, எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. சில நாள் எழுந்து, வெறும் தரையில் தலையணையைப் போட்டு, அதைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பாள். எந்தக் கை முதலில் போகிறது என்று பார்க்கிறாளாம். "படம் போடணுமே, எப்படிப் போட?" என்று கேட்டாள். ஆகட்டும், அப்புறம் சொல்லித்தருகிறேன் என்றேன். அந்தச் சமயம் எங்கள் லினக்ஸ் குழுவின் ஆண்டு விழா வேலை.

டாக்டர் இரண்டு தடவை போன் செய்தார். "முடியப் போகுது டாக்டர். வாய் வழியா ஊட்டுறதும், போகப்போற நேரத்துல செய்யறதும்தான் பாக்கி" என்று இவள் சொன்னது காதில் விழுந்தது.

அது நடந்த நாளைச் சொல்கிறேன். ஆழ்வார்குறிச்சியில் அவள் சொந்தத்தில் ஒரு கல்யாணம், முதல் நாளே போய்விட்டாள். எனக்கு மறுநாள் கோவில்பட்டியில் முகாம். பையைப் பார்த்தால் பென் டிரைவ் ஒன்று குறைகிறது. நினைவு வந்தது, ஒன்று இங்கே செருகிக் கிடக்கிறதே என்று. துண்டை எடுத்து மூடியைத் திறந்தேன். அவள் எழுதியது திரையில் இருந்தது. ஒரு வரி கண்ணில் பட்டது. "புரட்டுவதற்கு முன்னால் அவரிடம் சொல்லுங்கள். பதில் வராவிட்டாலும் சொல்லுங்கள்." நினைவில்லாத ஆளிடம் என்ன சொல்ல? இந்த மாதிரி வரிகளை எடுத்துவிட்டால் புத்தகம் பாதியாகக் குறையும், அவளிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பென் டிரைவை நான் என்றைக்கும் வெடுக்கென்று உருவியதில்லை. முறையாக ஷட்டவுன் கொடுத்தேன். சேமிக்காத கோப்பு ஏதாவது இருந்தால் மெஷின் நிறுத்திக் கேட்கும். கேட்கவில்லை. ஏன் கேட்கும்? அவள்தான் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சேமித்து வைத்திருந்தாளே. அமைதியாக அணைந்தது. உருவிக்கொண்டு போய், புது வெர்ஷன் ஏற்றி, ஒரு பிள்ளைக்குக் கொடுத்தேன். நல்ல பிள்ளை, காலில் விழுந்து கும்பிட்டது.

கல்யாணத்திலிருந்து வந்த மறுநாள், சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டாள்.

"இங்க வாங்களேன். இது முழிக்க மாட்டேங்குது."

"பென் டிரைவ் இல்லாம எப்படி முழிக்கும்? நான்தான் எடுத்தேன். வேற தாரேன், புது வெர்ஷன்."

"அதுல உள்ளது?"

"அதுல எதுவும் தங்காதுன்னு அன்னைக்கே சொன்னேன்லா?"

"அணைக்காதன்னு சொன்னீங்க. நான் அணைக்கலையே."

உட்காரவைத்து விளக்கினேன் சிஸ்டர். பொறுமையாகத்தான் விளக்கினேன். நீ சேமித்தது பென் டிரைவில் போகவில்லை, ரேம் என்று ஒன்று இருக்கிறது, மின்சாரம் இருக்கிற வரைக்கும்தான் அதற்கு நினைவு, அணைத்ததும் வெள்ளையாகிவிடும். மெஷின் மேல் தப்பில்லை, அது செய்ய வேண்டியதைத்தான் செய்தது. பேப்பரில் படம்கூடப் போட்டுக் காட்டினேன். படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், "புரிஞ்சுது" என்றாள். "இதை அன்னைக்கே சொல்லியிருந்தாலும் புரிஞ்சிருக்கும்" என்றாள்.

மகன் புனேயில் இருக்கிறான், கம்ப்யூட்டர் வேலைதான். ஏதாவது மீட்க முடியுமா என்று கேட்கலாமென்று போன் போட்டேன். "ஏம்ப்பா, சேமிக்கிற பகுதி வச்சுக் குடுக்கலையா?" என்றான். "முகாமுக்கு ஏத்துனதுடா, டெமோவுக்கு அது எதுக்கு?" என்றேன். "அம்மா என்ன டெமோவாப்பா?" என்று கேட்டான். பிள்ளைகள் இப்போதெல்லாம் பேசுகிற பேச்சு.

டாக்டர் வந்தார். நீங்கள் இருக்கிற அதே நாற்காலி. விஷயத்தைக் கேட்டு, என்னை ஒன்றும் சொல்லவில்லை, இவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க அடிக்க வேண்டாம்மா. வாயால சொல்லுங்க, நான் போன்ல பதிஞ்சுக்கிடுதேன்" என்றார். நல்ல யோசனைதானே? நான்கூட, "சொல்லேன் காந்தி" என்றேன்.

அவள் டாக்டரைப் பார்த்தே பேசினாள். "ஒரு தரம் செஞ்சேன் டாக்டர். எழுதறப்போ ரெண்டாந்தரம் செஞ்சேன். அதே நாத்தம், அதே கத்தல், அதே கை வலி, எல்லாம் திரும்ப வந்துச்சு. மூணாந்தரம் என்னால ஆகாது." சொல்லிவிட்டு காபி போட எழுந்து போய்விட்டாள்.

உட்கார்ந்து டைப் அடிப்பதில் என்ன நாற்றம்? எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அதற்குப் பிறகு நல்ல பென் டிரைவாக வாங்கி, சேமிக்கிற பகுதியைப் பெரிதாக ஒதுக்கி, ஏற்றிக் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கி, தையல் மெஷின் டிராயரில் போட்டாள். என்னோடு சண்டையும் இல்லை. சாப்பாடு, காபி, எல்லாம் நேரத்துக்கு வந்தது. இடக்குப் பேச்சு மட்டும் நின்றுபோனது. மாதக்கணக்காக இந்த வீட்டில் யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. வீடு அமைதியாக இருக்கிறது என்றுகூட ஒரு நண்பரிடம் சொன்னேன்.

மார்கழியில்தான் விழுந்தாள். அடுப்படியில், பால் பொங்கிக் கிடந்தது. வலது பக்கம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. சொல்வதெல்லாம் புரிகிறது, சொல்லத்தான் வராது என்கிறார் டாக்டர். எழுதிக் காட்டவும் கை இல்லை. செண்பகம் பெருக்கித் துடைத்துவிட்டுப் போய்விடுவாள், அந்த அறை வேலைக்கு அவள் வர மாட்டேன் என்கிறாள். நானேதான் எல்லாம்.

உங்களுடையது ஏறிவிட்டது, இந்தாருங்கள். சேமிக்கிற பகுதி வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் யாரிடமும் கேட்பதில்லை, எல்லோருக்கும் வைத்துவிடுகிறேன்.

டிராயரில் கிடந்ததைப் போன மாதம் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஒருவேளை, எனக்குத் தெரியாமல் நாலு பக்கம் எழுதி வைத்திருந்தால்? ஒன்றும் இல்லை. நான் ஏற்றியபடியே, சுத்தமாக இருந்தது.

கஷ்டம்தான் சிஸ்டர். உங்களுக்குப் பயிற்சி இருக்கிறது. நான் இந்த வயதில் என்ன செய்வேன்? இணையத்தில் தேடினேன். ஆங்கிலத்தில் மலை மலையாக இருக்கிறது, வீடியோகூட இருக்கிறது. ஆனால் அங்கே கட்டில் தானாக ஏறி இறங்குகிறது, இரண்டு பேர் கையுறை போட்டுக்கொண்டு தூக்குகிறார்கள். இங்கே ஒரு கிழவன், ஒரு வாளி, ஒரு மரக்கட்டில். நம் வீட்டுக்கு ஏற்ற மாதிரி தமிழில் தேடினால் நாலு வரி கிடைக்கவில்லை. எத்தனை வீட்டில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்! ஒருத்தர் எழுதி வெளியிட்டிருக்கலாம். நம் ஆட்களுக்கு அந்தப் பழக்கமே இல்லை. தெரிந்ததைத் தங்களோடு வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடுவார்கள். அறிவைப் பூட்டி வைக்காதீர்கள், பகிர்ந்து கொடுங்கள் என்று எத்தனை மேடையில் கத்தியிருக்கிறேன்.

இவளிடமே கேட்டும் பார்த்தேன். "காந்தி, அம்மாவை எப்படிப் புரட்டுன? தோளப் பிடிச்சா, இடுப்பப் பிடிச்சா? சொல்ல முடியலேன்னா கண்ணையாவது காட்டு." என்னையே பார்த்தாள். கண் ஒரு பக்கமும் போகவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் வேறு பக்கம் பார்க்க வேண்டியதாயிற்று.

ம்? ஆமாம், அதுதான் முனகல். விழித்துவிட்டாள். வாருங்கள். பார்த்து, வாசல்படி உயரம்.

காந்தி, புது சிஸ்டர் வந்திருக்காங்க.

நான் இந்தப் பக்கம் பிடிக்கிறேன். இங்கே பாருங்கள், இடுப்புக்குக் கீழே. போன வாரம் வெறும் சிவப்புதான். அழுந்திய தடம், போய்விடும் என்று நினைத்தேன். இப்போது தோல் உரிந்து உள்ளே வெள்ளையாகத் தெரிகிறது, ஒரு வாடையும் வருகிறது. அதற்குத்தான் பவுடர் போட்டேன். அம்மாவுக்கு இவள் ஏதோ வெள்ளையாகப் போட்டதைப் பார்த்த ஞாபகம். டப்பாவை இவளிடம் காட்டி, இதானே என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டாள். சரி என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். காலையும் மாலையும் கெட்டியாக அப்பி வைக்கிறேன், காய்ந்துவிடட்டும் என்று.

ஏன் சிஸ்டர் அப்படிப் பார்க்கிறீர்கள்? போடக் கூடாதா?

எனக்கு யாரும் சொல்லவே இல்லையே.